போலந்துப் பெரியவர் போன கலியாணம்

ஜெர்மனியின் ஹம் நகரில் வீடு வீடாகப் போய் நோயாளரைப் பராமரிக்கும் வேலையில் நான் சேர்ந்து கொஞ்சக் காலத்தில், ஒரு போலந்துக்காரப் பெரியவரின் வீட்டை என் காலைச் சுற்றில் சேர்த்தார்கள். நீரிழிவால் அவருக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டிருந்தது. மனைவி இறந்துவிட்டார். நான் போய் இன்சுலின் போட்டு, உடம்பு கழுவிவிட்டு, காலைச் சாப்பாடு கொடுத்துவிட்டு வரவேண்டும். எனக்கு முன்பு போன பெண்கள் அவருடைய வாய்க்குப் பயந்து வேறு வீடு கேட்டு மாறிப்போனார்கள் என்று அலுவலகத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

முதல் நாள் கதவைத் திறந்து உள்ளே போனபோது அவர் சக்கர நாற்காலியில், சவரம் செய்த முகத்தோடு, கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சட்டையுடன் இருந்தார். குளிக்க வார்க்கப் போகிறவளுக்காக ஒரு மனிதர் இவ்வளவு நேர்த்தியாக உடுத்தியிருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. அவர் என்னோடு பேசியதெல்லாம் ஜெர்மன் மொழியில்தான். எனக்கு அது என் தமிழிலேயே ஞாபகம் இருப்பதால் அப்படியே எழுதுகிறேன்.

"எந்த நாடு?" என்று கேட்டார்.

"சிறிலங்கா."

"சிறிலங்காவிலை எந்த ஆக்கள்?"

ஜெர்மனிக்கு வந்த இத்தனை வருடத்தில் அந்த இரண்டாவது கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. "தமிழ் ஆக்கள். மன்னார் எண்ட இடம்" என்றேன்.

"அப்ப உங்களுக்கு நாடு இல்லை" என்றார், காய்ச்சல் இருக்கிறது என்று ஒரு டாக்டர் சொல்வதுபோல. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினார். "எங்களுக்கும் நூறு வருசத்துக்கு மேல நாடு இல்லாமல்தான் இருந்தது. பக்கத்து ராசாக்கள் மூண்டு பேர் பங்கு போட்டவங்கள். பிறகு வந்தது. ஊசியைப் போடுங்கோ, ஷ்வெஸ்டர்."

ஷ்வெஸ்டர் என்றால் சகோதரி. இங்கே நோயாளர் எங்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் வாயில் அது கட்டளைபோலத்தான் ஒலித்தது. ஆனாலும் படியிறங்கி வரும்போது எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிருந்தது.

அவருடைய கதையை நான் ஒரே நாளில் கேட்கவில்லை. காலுக்கு மருந்து கட்டும்போது கொஞ்சம், கோப்பி ஆறும்போது கொஞ்சம் என்று பல மாதங்களில் சேர்த்துக்கொண்டது. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது ஜெர்மன் படையினர் அவருடைய தகப்பனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பன் திரும்பவில்லை. யுத்தத்துக்குப் பிறகு ரஷ்யர்களின் ஆதரவோடு ஆட்சி நடந்த காலத்தில் இவர் தடைசெய்யப்பட்ட ஒரு தேசியவாதக் கட்சியில் சேர்ந்து, இரகசியக் கூட்டங்களில் பேசி, தலைவர்களில் ஒருவராக வந்தார். நாட்டில் இராணுவச் சட்டம் போட்டபோது சிறைக்குப் போனார். கடைசியில், திரும்பி வரமுடியாத ஒரு பாஸ்போட்டைக் கையில் கொடுத்து, மனைவியையும் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள்.

"எந்த நாட்டுக்குப் போறதெண்டு நினைச்சீங்கள்?" என்று கேட்டேன்.

"எங்கையெண்டாலும். ஜெர்மனியைத் தவிர."

ஆனால் மனைவியின் அக்கா ஹம்மில் இருந்தார். மகளுக்கு அப்போது மூச்சு முட்டும் வருத்தம். சில மாதங்கள் நின்றுவிட்டுப் போவோம் என்று வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். பகலில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்கினார். மாலையில், வெளியேற்றப்பட்ட மற்றப் போலந்துக்காரர்களைக் கத்தோலிக்கக் கோவில் மண்டபத்தில் கூட்டிவைத்துப் பேசினார். வீட்டின் நிலவறையில் பத்திரிகை அச்சடித்தார். அங்கே ஆட்சி விழுந்ததும் அடுத்த ரயிலில் ஏறிப்போய்த் தேர்தலில் நின்றார்.

"வெண்டீங்களோ?"

"நாங்கள் பாணுக்கு வரிசையிலை நிக்கேக்கை நீ எங்கை நிண்டனி எண்டு கேட்டினம். ஜெர்மன்காரன் எண்டு சுவரிலை எழுதினாங்கள். என்னை! ஜெர்மன்காரன் எண்டு!"

அப்படித் தோற்று ஹம்முக்கே திரும்பி வந்த கதையைச் சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, வெந்நீர் ஆறப்போகிறது என்று என்னை விரட்டினார்.

என் கணவரைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். அவர் குழாய் செய்யும் ஆலையில் வேலை. ஊரில் போர் நடந்த காலமெல்லாம் இங்கே ஊர்வலம், கூட்டம், கலைநிகழ்ச்சி என்று ஓடித்திரிந்தவர். அவருடைய தம்பி போரில் போனவன். உடல் கிடைக்கவில்லை. போர் முடிந்த பிறகு என் கணவர் வேலைக்குப் போவதும் வருவதுமாக இருந்தாரே தவிர, கதைப்பதை விட்டுவிட்டார். தொலைக்காட்சியில் செய்தி தொடங்கினால் எழுந்து போய்விடுவார். சாப்பாட்டு மேசையில் நானும் மகளும் மட்டும்தான் பேசிக்கொண்டிருப்போம்.

ஒருநாள் கடும் பனி. பஸ் ஓடவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போக அவர் காரில் வந்து பெரியவரின் வீட்டு வாசலில் நின்றார். பெரியவர் ஜன்னலால் பார்த்துவிட்டு, "உங்கடை மனுசனைக் குளிருக்கை விட்டிட்டு எனக்குச் சோக்ஸ் போடுறீங்களோ? மேல வரச் சொல்லுங்கோ" என்றார்.

வந்தார். இருவருடைய ஜெர்மனும் அரைகுறை. ஒருவர் போலந்து உச்சரிப்பில் கேட்க, மற்றவர் யாழ்ப்பாண உச்சரிப்பில் பதில் சொல்ல, நான் பாத்திரம் கழுவிக்கொண்டு சமையலறையில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் என் கணவரின் குரல் உயர்ந்தது. ஏதோ சண்டை என்று பயந்து எட்டிப் பார்த்தால், மேசையில் பழைய வரைபடம் ஒன்று விரித்துக் கிடக்கிறது. பெரியவர் விரலால் கோடு கீறிக் காட்டிக்கொண்டிருக்கிறார். என் கணவர் குனிந்து நின்று, "அப்ப பள்ளிக்கூடத்திலை என்ன மொழி படிச்சினம்? வீட்டிலை ஒளிச்சுப் படிப்பிச்சவையோ?" என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்கிறார். அந்தக் குரலை நான் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. குழாயை மூடாமல் அப்படியே நின்றேன். நன்றி என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை அந்த வீட்டில் நான் முதல்முறை உணர்ந்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் என் கணவரே தேடிப்போய்விடுவார். இருவரும் செய்தி பார்ப்பார்கள், சண்டை பிடிப்பார்கள், என் கணவர் கொண்டுபோன, உள்ளே மீன்கறி வைத்த பணிசைச் சாப்பிடுவார்கள். உறைப்பில் பெரியவரின் காது சிவந்துவிடும். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை பணிசைத்தான் முதலில் கேட்பார்.

பெரியவரை நான் நல்லவராகவே எழுதிக்கொண்டு போனால் அது பொய்யாகிவிடும். ஒருநாள் நான் கட்டிலைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது அவருடைய பழைய கட்சிக்காரர் ஒருவர் போலந்திலிருந்து தொலைபேசி எடுத்தார். எல்லையில் வந்து நிற்கும் அகதிகளைப் பற்றிய பேச்சு. அவருடைய மொழி எனக்கு அதற்குள் ஓரளவு விளங்கும். போலந்து போலந்துக்காரருக்குத்தான், ஒருத்தரையும் உள்ளே விடக்கூடாது என்று பெரியவர் கத்தினார். அவர் தொலைபேசியை வைத்ததும் கேட்டேன்.

"ஐயா, அப்ப நான் ஆர்?"

"நீங்கள் உண்மையான அகதி. நானும்தான்."

"அவையும் அப்பிடித்தானே சொல்லுகினம்."

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அந்த விசயத்தில் அவர் கடைசிவரை மாறவேயில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டையோடு எனக்காகக் காத்திருந்தார்.

என் மகள் படிக்க என்று மியூனிக் பக்கம், கார்ஹிங்குக்குப் போனாள். படிப்பு முடியும் காலத்தில் ஒருநாள் எனக்குத் தொலைபேசி எடுத்து, "அம்மா, நான் ஒருத்தரை விரும்புறன். அப்பாவுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை" என்றாள்.

"ஜெர்மன் பிள்ளையோ?" என்று கேட்டேன். அதற்கு நான் எப்போதோ மனதைத் தயார்படுத்தி வைத்திருந்தேன்.

"இல்லையம்மா. நீர்கொழும்பு. இஞ்ச ஆராய்ச்சிக்கு வந்தவர். எங்களை மாதிரிக் கத்தோலிக்கர்தான். ஆனால் சிங்களம்."

கதிரையைத் தேடி இருந்தேன்.

என் கணவர் அதைக் கேட்டுச் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லது. எழுந்துபோய்த் தம்பியின் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து, "கலியாணமெண்டா நீர் போகலாம். நான் உம்மைத் தடுக்கமாட்டன். ஆனா என்னைக் கேக்காதையும்" என்றார். அதோடு மகளுடன் கதைப்பது நின்றது. அவள் எடுத்தால் தொலைபேசியை என்னிடம் நீட்டுவார். வீட்டுக்கு வந்தால் இரவு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவரை என்னால் குறைசொல்லவும் முடியவில்லை. உடல்கூடக் கிடைக்காத தம்பியை எங்கே கொண்டுபோய் வைப்பது? அப்படி இரண்டு கிறிஸ்மஸ் போனது.

பெரியவரின் மகளோடு நான் சரியாகப் பழகியது அந்தக் காலத்தில்தான். என் வயதுதான் அவளுக்கும். பிராங்பேர்ட்டில் ஒரு வங்கியில் வேலை. மாதம் ஒருமுறை வந்து தகப்பனோடு ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போவாள். அவள் வரும்போதெல்லாம் கீழே காருக்குள் ஒரு மனிதர் பத்திரிகை வாசித்துக்கொண்டு இருப்பார். அவர் டாக்சிக்காரர் என்றே நான் நினைத்திருந்தேன்.

"அவர் என்ரை மனுசன்" என்றாள் அவள், சமையலறையில் ஒருநாள்.

"ஏன் மேல வரேல்லை?"

"ஜெர்மன்காரர். அப்பா எங்கடை கலியாணத்துக்கு வரேல்லை. அம்மா தனியத்தான் வந்தவா. என்ரை தகப்பனைக் கொலை செய்தவங்களின்ரை வீட்டுக்கு என்ரை மகள் போறதை நான் பாக்கமாட்டன் எண்டார். பிள்ளையள் பிறந்து வளந்தும் அப்பா இவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசலோடை சரி." கோப்பையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். அழவில்லை. அழுது முடித்துவிட்ட ஒருத்தியின் குரல் அது.

நான் என் வீட்டுக் கதையைச் சொன்னேன். அவள் கோப்பையை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். பிறகு அவள் அதைத் தகப்பனிடம் சொல்லியிருக்கவேண்டும். அடுத்த வாரம் நான் ஊசி போடும்போது பெரியவர் கேட்டார்: "உங்கடை மகளுக்கு எப்ப கலியாணம்?"

நாள் வைத்தாகிவிட்டது. மகள் அதை மியூனிக்கில் செய்யாமல் ஹம் நகரசபையில் எழுதுவதென்று முடிவெடுத்திருந்தாள். "அப்பா மனம் மாறினா நடந்தே வரலாமெல்லே அம்மா" என்று என்னிடம் சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை பதிவு, மாலையில் கோவிலில் பூசை. "நீங்களும் வரவேணும்" என்று பெரியவரிடம் சொன்னேன். மரியாதைக்குச் சொன்னதுதான். "வண்டிக்கு நான் ஒழுங்கு செய்யிறன்."

"வண்டி வேண்டாம்" என்றார். "நான் ஆளைப் பாக்கிறன். நீங்கள் வீட்டிலை ஒண்டும் சொல்லாதேங்கோ."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது என் கணவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "வெள்ளிக்கிழமை எனக்கு ஏலாது. பெரியவருக்கு டாக்டரிட்டை ஏதோ டெர்மினாம். வேறை ஒருத்தரும் இல்லையாம். நான் கூட்டிக்கொண்டு போகவேணும்."

அவருடைய குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நாளைக் கடத்த அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. நான் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தேன்.

காரில் நடந்ததைப் பிறகு என் கணவரே எனக்குச் சொன்னார். பெரியவர் கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுக்கொண்டு இருந்தாராம். டாக்டரிடம் போக இதெல்லாம் எதற்கு என்று கேட்டதற்கு, பெரிய டாக்டர் என்றாராம். இந்தத் தெருவால், அந்தத் தெருவால் என்று வழி சொல்லிக்கொண்டே வந்து நகரசபைக்குப் பின்பக்கம் நிற்பாட்டச் சொல்லியிருக்கிறார். அங்கே சேலை கட்டிய எங்கள் சனம் நிற்பதைக் கண்டபோதுதான் இவருக்கு விளங்கியிருக்கிறது.

"என்னை ஏமாத்திப்போட்டீங்கள்" என்றாராம்.

"ஓம். நான் அரசியல்வாதி. இதுதான் என்ரை தொழில்."

இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்திருக்கிறார். "என்ரை தம்பி..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாராம்.

"தெரியும். உங்களுக்குத் தம்பி, எனக்குத் தகப்பன். எனக்கு அவரின்ரை முகம்கூடத் தெரியாது." பெரியவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, "நீங்கள் திரும்பிப் போறதெண்டாப் போங்கோ. நான் ஒண்டும் நினைக்கமாட்டன். ஆனா என்னை உள்ளுக்கை கொண்டுபோய் விட்டிட்டுப் போங்கோ. இந்தக் கலியாணத்தையும் நான் விட ஏலாது" என்றாராம்.

நான் உள்ளே முன்வரிசையில் மகளுக்குப் பக்கத்தில் இருந்தேன். மணப்பெண்ணின் தகப்பனுக்கென்று ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. கதவு திறந்தது. முதலில் சக்கர நாற்காலியில் பெரியவர் வந்தார், பாராளுமன்றத்துக்குள் நுழைகிற தோரணையில். அவருக்குப் பின்னால், வேலைக்குப் போடும் ஜாக்கெட்டோடு, நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி என் கணவர். மகள் திரும்பிப் பார்த்தாள். "அப்பா" என்று வாய் அசைந்தது.

அவர் வெறும் கதிரையில் வந்து இருக்கவில்லை. நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். பதிவாளர் வாசித்த நேரமெல்லாம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் போகவில்லை. கையெழுத்துகள் முடிந்து எல்லோரும் எழுந்தபோது, மருமகன் நேராக அவரிடம் போனான். ஆறடி உயரமான பிள்ளை. மகளிடம் படித்துவைத்த தமிழில், "வணக்கம், மாமா" என்றான்.

என் கணவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, இளவயதில் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்தபோது பழகிய சிங்களத்தில், "காலமை சாப்பிட்டீரோ?" என்று கேட்டார். முப்பது வருடத்துக்கு மேலாக அந்த மொழியில் அவர் ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. அந்தப் பிள்ளை இல்லையென்று தலையாட்டிவிட்டு விம்மத் தொடங்கினான். மகள் ஓடிவந்து இருவரையும் கட்டிக்கொண்டாள். பெரியவர் தன் கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்குவதற்கு முன்னால் திரும்ப எடுத்துத் தன் மூக்கைத் துடைத்தார்.

மாலையில் கோவில் மண்டபத்தில் சாப்பாடு. அவருடைய மேசையில் என் கணவர், எங்கள் சனத்தின் பழைய இயக்க அனுதாபிகள், மருமகனின் தாய் தகப்பன் எல்லோரும் இருந்தார்கள். எல்லாருடைய முகத்திலும் ஒரு சங்கடம். பெரியவர் ஒரு சிறு பேச்சுப் பேச எழும்பமுடியாமல் இருந்தபடியே கையை உயர்த்தினார். மண்டபம் அமைதியானது. "நான் நல்லாப் பேசுவன் எண்டு பெயரெடுத்தவன்" என்றார். "இண்டைக்கு ஒண்டும் வரேல்லை. சாப்பிடுங்கோ." அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு மேசையில் கறிச்சட்டி கைமாறத் தொடங்கியது.

அடுத்த மாதம் அவருடைய மகள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். பேச முடியாமல் அழுதாள். தகப்பன் அவளுக்கு எடுத்து, வரும் ஞாயிறு புருசனைக் காருக்குள் இருக்கவிட வேண்டாம், மேலே கூட்டிவா, படியில் வழுக்கும், பார்த்து வரச்சொல் என்றாராம். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவேயில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. படி வழுக்கும் என்று சொன்னதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு பனிக்காலத்தில் பெரியவர் போய்விட்டார். நித்திரையிலேயே. காலையில் நான்தான் முதலில் கண்டேன். அவருக்கு நான் கடைசியாக உடம்பு கழுவி, வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பூட்டிவிட்டேன். அந்த வேலையை வேறொருவருக்கும் விட எனக்கு மனம் வரவில்லை. போலந்திலிருந்து கொடியோடு ஆட்கள் வந்தார்கள். அவரைத் தலைநகருக்குக் கொண்டுபோய் மரியாதை செய்யவேண்டும் என்று கேட்டார்கள். மகள் மறுத்துவிட்டாள். மனைவிக்குப் பக்கத்தில், ஹம்மில்தான் என்று அவர் முன்பே சொல்லியிருந்தாராம். பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருபக்கம் என் கணவர், மறுபக்கம் அந்த ஜெர்மன் மருமகன். கொடியோடு வந்தவர்கள் கொஞ்சம் விலகி நின்று பார்த்தார்கள்.

பிறருடைய வீட்டுக்குள் போய் அவர்களுடைய உடம்பைத் தொட்டுத் துடைப்பது என் வேலை. இந்த வேலையில் மற்றவர்கள் நன்றி சொல்லக் கேட்டுப் பழக்கம். கடன்பட்ட உணர்வோடு ஒரு வீட்டை விட்டு வந்தது அந்த ஒரு வீட்டில்தான். அவர் சொன்ன பலதை நான் இன்றைக்கும் ஏற்கவில்லை. ஆனால் என் வீட்டில் இரண்டுமுறை பேச்சு நின்றுபோனது. இரண்டுமுறையும் அதைத் திரும்பத் தொடக்கி வைத்தவர் அவர்.

என் கணவரும் மருமகனும் எல்லாம் பேசித் தீர்த்துவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். சில விசயங்களைத் தொடுவதேயில்லை. தம்பியின் படம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒருமுறை மருமகன் வந்தபோது அதற்கு முன்னால் நின்று சிலுவை அடையாளம் போட்டான். என் கணவர் அதைக் கண்டார். அன்றைக்கு அவனுக்குத் தானே கோழிக்கறி போட்டார்.

போன நவம்பரில், கல்லறைகளுக்கு விளக்கேற்றும் நாளில், நாங்கள் எல்லோரும் பெரியவரிடம் போனோம். அவருடைய மகளும் புருசனும் பிராங்பேர்ட்டிலிருந்து வந்திருந்தார்கள். போலந்துக்காரர் ஏற்றிய சிவப்பு விளக்குகளால் அந்தப் பக்கமே ஒளியாக இருந்தது. காற்றில் எங்கள் விளக்கு மட்டும் பற்றவில்லை. அந்த ஜெர்மன்காரர் தன் கோட்டைத் திறந்து மறைப்புப் பிடிக்க, எங்கள் மருமகன் குனிந்து பற்றவைத்தான். என் கணவர் கையை உரசிக்கொண்டு எல்லோரையும் பார்த்தார்.

"குளிருது. வாங்கோ, எங்கடை வீட்டை போய்த் தேத்தண்ணி குடிப்பம்" என்றார்.